பொருள்: மறு: பழுதுக்குறியா, பிழைக் குறியீடா?

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

தொழிற்பயிற்சி மாணவர்களுக்கான மோட்டார் பாடநூல் திங்கட்கிழமை அச்சுக்குப் போகிறது. காரின் கணினி கோளாறைக் கண்டதும் பதிந்துவைக்கிற கோடுக்கு (code; ஓர் எழுத்தும் நான்கு இலக்கமும் கொண்டது) இன்னும் பெயர் முடிவாகவில்லை. ‘பிழைக் குறியீடு’ என்கிறார்கள் சிலர், ‘பழுதுக்குறி’ என்கிறேன் நான். உங்கள் கேள்விகளை ஒவ்வொன்றாக எடுத்து என் தரப்பைச் சொல்லிவிடுகிறேன்.

> பிழை என்றே வையுங்கள். கணினித் தமிழில் அது நிலைத்துவிட்டது.

நிலைத்தது உண்மை. ஆனால் பிழை செய்ய ஓர் ஆள் வேண்டும். ‘அரசியல் பிழைத்தோர்’ என்றால் அங்கே ஓர் அரசன் இருக்கிறான். ரப்பர் குழாய் வெடித்தால் யார் செய்த பிழை? அது பழுது.

> பழுதுக்குறி என்பது பழுதின் குறியா, பழுதைக் குறிப்பதா?

விஷயமே இந்தக் கேள்வியில்தான் இருக்கிறது. ஆறாம் வேற்றுமையாக விரித்தால் அறிகுறி. இரண்டாம் வேற்றுமையாக விரித்தால் ‘இந்தப் பாகம்தான் கெட்டது’ என்று சுட்டுவதாகிவிடும். மாணவர்கள் இரண்டாவதாகத்தான் புரிந்துகொள்கிறார்கள்.

போன மாதம் வகுப்புக்கு ஒரு பெட்ரோல் கார் வந்தது. செக் இன்ஜின் விளக்கு எரிந்தது, ஸ்கேனரில் P0171. காற்று கூடுதல், பெட்ரோல் குறைவு என்று பொருள். ஒரு மாணவர் உடனே, புகையில் எஞ்சும் ஆக்ஸிஜனை அளந்து கணினிக்குச் சொல்லும் ஆக்ஸிஜன் சென்சாரைக் கழற்ற ஸ்பேனர் எடுத்தார். நிறுத்தி, ஸ்கேனரில் ஓடும் அளவுகளைப் பார்க்கச் சொன்னேன். ஐடிலில் எரிபொருள் திருத்தம் (குறையைச் சரிக்கட்டக் கணினி கூட்டிவிடும் பெட்ரோல்) 20 சதவீதத்துக்கு மேல்; ஆக்ஸிலேட்டரை மிதித்து 2500 சுற்றில் நிறுத்தியதும் 5க்கு இறங்கியது. ஐடிலில் மட்டும் இவ்வளவு கூடுகிறது என்றால் எங்கோ வெளிக்காற்று உள்ளே கசிகிறது. வேக்குவம் குழாய்களை ஒவ்வொன்றாகப் பிளேயரால் நசுக்கிக்கொண்டே வந்தோம். ஒன்றை நசுக்கியதும் இன்ஜின் சத்தம் சட்டென்று சீரானது. கழற்றி மடக்கிப் பார்த்தால் வளைவின் அடிப்பக்கம் மயிரிழை போல ஒரு வெடிப்பு. சென்சார் பாவம், உள்ளதைத்தான் சொல்லியிருந்தது.

> குறி என்றால் குறிசொல்லும் கட்டுவிச்சி நினைவுக்கு வருகிறாளே?

வரட்டும், நல்லதுதான். அகப்பாட்டில் கட்டுவிச்சி நெல்லைப் பரப்பிக் குறி பார்த்து ‘முருகு அணங்கியது’ என்பாள். தலைவி மெலிந்திருப்பது உண்மை. காரணம் மட்டும் வேறு, காதல்; அது தோழிக்குத் தெரியும். முருகனுக்கு வெறியாட்டு எடுத்தால் நோய் தீராது. சென்சாரை மாற்றினாலும் அந்தக் கார் சரியாகியிருக்காது. இதைவிட நல்ல விளக்கம் வகுப்புக்குக் கிடைக்காது.

அப்புறம், கோடின் முதல் எழுத்து. இயந்திரத்துக்கும் ‘பி’, உடற்பகுதிக்கும் ‘பி’. ரோமன் எழுத்தில் P, B என்று வேறு வேறு, தமிழில் எழுதினால் ஒன்றேதான். அதற்காகத் தமிழ்ப் பெயர்களின் முதலெழுத்தாக இ, உ, அ, வ என்று மாற்றச் சொல்லும் யோசனையை ஏற்க முடியவில்லை. ஸ்கேனர் திரையில் வருவது ரோமன் எழுத்து. பையன் அதைப் பார்த்துத்தான் வேலை செய்ய வேண்டும். நூலிலும் அப்படியே இருக்கட்டும். எழுத்தை அடுத்து வரும் இலக்கம் 0 என்றால் எல்லா நிறுவனத்துக்கும் பொது, 1 என்றால் அந்தந்த நிறுவனத்தின் சொந்தக் கோடு என்பதை மட்டும் சேர்க்கலாம்.

> பட்டறையில் எல்லாரும் ‘எரர் கோடு’ என்கிறார்கள். அதையே விட்டுவிடலாமே?

அடைப்புக்குறிக்குள் கட்டாயம் போடுவோம். ‘எரிதவறல்’ (சிலிண்டரில் எரிபொருள் சரியாகப் பற்றாமல் போவது) பக்கத்தில் ‘மிஸ்ஸிங்’ வரவேண்டும் என்றும் கேட்டுக்கொள்கிறேன். ‘வண்டி மிஸ்ஸிங் அடிக்குது’ என்று வருகிற வாடிக்கையாளரிடம் எரிதவறல் என்றால் விழிப்பார்.

பெரும்பாலோர் ‘பழுதுக் குறியீடு’ என்று சலித்துப்போய் ஒப்புக்கொண்டிருக்கிறீர்கள். சரி, தலைப்பில் அது போகட்டும். ஆனால் குறியீடு நாம் இடுவது, குறி தானாகத் தோன்றுவது. இந்த வேறுபாட்டை விட எனக்கு இன்னும் மனமில்லை. அதனால் விளக்க வரியில் ‘பழுதின் குறியைத் தெரிவிக்கும் குறியீடு’ என்று ஆறாம் வேற்றுமைப் பொருள் வெளிப்படையாகத் தெரியும்படி ‘இன்’ சேர்த்தே எழுதியிருக்கிறேன். அந்த ‘இன்’னை யாரும் நீக்கிவிடாதீர்கள். மறுப்பு இருந்தால் ஞாயிறு இரவுக்குள் எழுதுங்கள்.