கிடா வந்ததை நான் எழுதி வைக்கவில்லை

நிசிக்கோட்டான்:
எட்டு வருஷமாச்சு, இன்னும் உறுத்துது. பருவமில்லாத காலத்துப் பெட்டைச் செம்மறிகள் ஆறு. கழுத்து ரத்தக்குழாயில் டியூப் செருகி, பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை ரத்தம் எடுக்கணும், விடிய விடிய. சினைமுட்டை வெளிவரத் தூண்டுற எல்எச் ஹார்மோன் ரத்தத்துல விட்டுவிட்டு ஏறி இறங்கும்; அந்தத் துடிப்பை எண்ணுறதுதான் வேலை. மூணு வாரம் கழிச்சு முடிவு வந்தா, ராத்திரி 3:10 வரைக்கும் கோடு தரையோட தரையா கிடக்கு. அப்புறம் ஆறு ஆட்டுக்கும் ஒரே நேரத்தில் குத்துன்னு ஏறுது. "சாம்பிள் குழாயை மாத்தி வச்சிட்டியா?"ன்னு கைடு கேட்டார். தலையாட்டிட்டேன். அந்த ராத்திரியையே தூக்கிப் போட்டோம். கொட்டில்காரர் பிறகு சொன்னார்: "கிடா ஒண்ணு அவுத்துக்கிட்டு வந்து வேலியோரமா நின்னுச்சே, நான்தானே புடிச்சுக் கட்டினேன்."

வாலைக்குமரன்:
கிடா வாடை பட்டா சில நிமிஷத்துல எல்எச் ஏறும்ங்கிறது பழைய சங்கதி. ஆனா தினமும் பக்கத்துல நின்ன கிடான்னா பழகிப்போயிருக்கும். அதைச் சொல்லாம கதை முடியாது.
என் கதை பம்ப். எல்எச்சைச் சுரக்க வைக்கிற ஜிஎன்ஆர்எச் ஹார்மோனை மணிக்கொரு தடவை அது தள்ளணும். எல்எச் இறங்கிட்டே போச்சு. மருந்து கெட்டுப்போச்சுன்னு டோஸைக் கூட்டினேன், இன்னும் இறங்குச்சு! ஒருநாள் பம்பில் காதை வச்சா, இடைவிடாம முனகுது. டைமர் சிக்கி விடாம ஓடியிருக்கு. விட்டுவிட்டுக் கொடுத்தா சுரக்கும், விடாம கொடுத்தா அடங்கும்னு 1978லேயே எர்ன்ஸ்ட் நோபில்ங்கிற ஆய்வாளரோட குழு குரங்குல காட்டினதை நானும் காட்டியிருக்கேன், தெரியாமலே.

பழைய டெக்னீஷியன்:
நான் ஆய்வாளர் இல்லை, அஸ்ஸே போட்ட ஆள், அதாவது ரத்தத்துல ஹார்மோன் எவ்வளவுன்னு அளந்தவன். ஒருத்தர் ஒரே ஆட்டோட குழாய்களை ரெண்டு தடவையா பிரிச்சுக் கொடுத்தார், ரெண்டு அளவையும் சேர்த்த கோட்டுல நடுவுல ஒரு படி விழுந்தது, அதைத் துடிப்புன்னார். அவ்வளவுதான் என் கதை. இனி கேளுங்க. ஒரு ஆட்டோட மொத்தக் குழாயும் ஒரே அஸ்ஸேல போகணும். அளக்கிறதுக்கு அடையாளமா சேர்க்கிற கதிரியக்க அயோடின்-125 பாதியாக ஏறத்தாழ 60 நாள்தான், அது ஏத்தின பழைய டிரேசரை வச்சு மல்லுக்கட்டாதீங்க. ரோசலின் யாலோ அம்மா 1977ல நோபல் வாங்கினது இந்த முறைக்குத்தான், மதிச்சுச் செய்யுங்க. குழாய்க்கு நம்பர் மட்டும் போடுங்க, எந்த ஆடுன்னு அளக்கிறவருக்குத் தெரியக் கூடாது. நோட்டுல நேரத்தோட கதவு திறந்தது, ஆள் வந்தது, நாய் குரைச்சது எல்லாம் எழுதணும். குமரன், பம்புல மருந்து போடுறதுக்கு முன்னாடி வெறும் தண்ணியை ஓட்டி ஒரு ராத்திரி பார்த்திருக்கலாமே?

வாலைக்குமரன்:
உங்ககிட்ட யாருங்க கேட்டது?

நிசிக்கோட்டான்:
புதுக் கிடாதான். முந்தின நாள்தான் இறக்கினாங்க. அதையும் எழுதலை.