கன்னத்தில் மங்கு: களிம்பை நிறுத்தியதும் கருமை ஏன் கூடியது?

முல்லை:
அனைவருக்கும் வணக்கம். எனக்கு வயது 38. இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு இரு கன்னங்களிலும் மேலுதட்டின் மீதும் மங்கு என்னும் கருந்திட்டு படர்ந்தது. வெயிலில் அதிகம் அலைவதில்லை. ஆனால் பணியிடத்தில் என் இருக்கை கண்ணாடி சன்னலை ஒட்டியே இருப்பதால் நாள் முழுதும் இடக் கன்னத்தில் வெளிச்சம் விழுகிறது. கருமையும் அந்தப் பக்கமே அதிகம். தெரிந்தவர் ஒருவர் கொடுத்த களிம்பை இரவில் தடவி வந்தேன். இரண்டே வாரத்தில் முகம் தெளிந்தது. நான்கு மாதம் கழித்து அதை நிறுத்தியபோது, பத்து நாளுக்குள் முகம் சிவந்து எரியத் தொடங்கியது, சிறு பருக்கள் எழுந்தன, மங்கும் முன்பைவிட அடர்த்தியாகத் திரும்பிவிட்டது. கன்னத்தை அருகில் பார்த்தால் சிவப்பு நூல் இழைகள் போல மெல்லிய நரம்புகள் தெரிகின்றன. மறுபடியும் அதையே தடவினால் எரிச்சல் அடங்கும் என்கிறார்கள். தடவலாமா?

நெய்தல்:
முல்லை அவர்களுக்கு, தயவுசெய்து தொடங்காதீர்கள். நீங்கள் விவரித்த ஒவ்வொன்றையும் நானும் பட்டிருக்கிறேன். அழற்சியை அடக்கும் மருந்தான ஸ்டீராய்டு கலந்த களிம்பை முகத்தில் மாதக்கணக்கில் தடவினால் தோல் மெலிந்துவிடும். நிறுத்தியவுடன் அடங்கியிருந்த அழற்சி பொங்கி எழும். அந்த அழற்சியே புதிதாகக் கருமையை உண்டாக்கும். திரும்பத் தடவினால் எரிச்சல் அடங்குவது உண்மைதான், ஆனால் அந்தச் சுழலில்தான் பலர் ஆண்டுக்கணக்கில் சிக்கிக்கொள்கிறார்கள். டியூபைத் திருப்பி, பொடி எழுத்தில் பீட்டாமெத்தசோன், மொமெட்டசோன், குளோபெட்டசால் என்று ஏதாவது ஸ்டீராய்டின் பெயர் இருக்கிறதா பாருங்கள். எனக்குச் சிவப்பு அடங்கவே மூன்று மாதம் ஆயிற்று. அதுவரை மருத்துவர் அனுமதித்தது மணமற்ற ஈரப்பதக் களிம்பும் சன்ஸ்கிரீனும் மட்டுமே.

மருந்தாளுநர்:
நெய்தல் சொன்னது சரி. ஒன்றைச் சேர்க்கிறேன். மங்குக்குத் தரப்படும் களிம்புகளில், நிறத்தைக் குறைக்கும் ஹைட்ரோகுவினோன், தோல் புதுப்பிப்பை விரைவாக்கும் டிரெட்டினாயின், ஸ்டீராய்டு மூன்றும் சேர்ந்த கலவை மோசடிச் சரக்கு அன்று. கிளிக்மன், வில்லிஸ் என்னும் இரு மருத்துவர்கள் 1975-இல் வெளியிட்ட முறையின் வழிவந்தது. மருத்துவர் கண்காணிப்பில் சில வாரங்கள் மட்டும் பயன்படுத்த வேண்டிய மருந்தை, அழகுக் களிம்பு போலக் கைமாற்றிக்கொள்வதுதான் கேடு. ஹைட்ரோகுவினோனை மட்டும் நெடுங்காலம் தடவினாலும் சிலருக்குத் தோல் நீலக் கருமையாக மாறிவிடுவதுண்டு. அதை நீக்குவது மிகக் கடினம். உள்ளடக்கப் பட்டியலே இல்லாத டப்பாவாக இருந்தால் பாதரசம் கலந்திருக்கவும் கூடும், அது சிறுநீரகத்தைப் பாதிக்கும்.

உங்கள் சன்னலைப் பற்றியும் சொல்ல வேண்டும். சாதாரணக் கண்ணாடி, வெயிலின் புற ஊதாக் கதிர்களில் தோலைச் சுடும் யூவிபி கதிரைப் பெரும்பாலும் தடுத்துவிடும், ஆனால் யூவிஏ கதிர் கணிசமாக ஊடுருவி வரும். அதனால்தான் சுடாமலேயே கறுக்கிறது. மங்குக்குக் கண்ணுக்குத் தெரியும் ஒளியும் பகைதான். அதைத் தடுக்க, இரும்பு ஆக்சைடு சேர்த்த, தோல் நிறம் கொண்ட சன்ஸ்கிரீன் வெள்ளை நிறத்ததைவிட நல்லது. சன்ஸ்கிரீனின் பாதுகாப்பு அளவைக் காட்டும் எண்ணான எஸ்பிஎஃப் 30 என்றால் யூவிபி கதிரில் ஏறத்தாழ 97 விழுக்காட்டையும், 50 ஏறத்தாழ 98 விழுக்காட்டையும் தடுக்கும். ஆகவே எண்ணைவிட அளவுதான் முக்கியம். ஆய்வகத்தில் சதுர சென்டிமீட்டருக்கு 2 மில்லிகிராம் தடவித்தான் அந்த எண்ணைக் கணக்கிடுகிறார்கள், நாமோ பெரும்பாலும் அதில் பாதியைக்கூடத் தடவுவதில்லை. ஆள்காட்டி விரலிலும் நடுவிரலிலும் அடி முதல் நுனி வரை கோடாகப் பிதுக்கினால் முகத்துக்கும் கழுத்துக்கும் போதும். வெயிலில் இருந்தால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபடி தடவுங்கள். முடிந்தால் இருக்கையையும் மாற்றிக்கொள்ளுங்கள்.

முல்லை:
டியூபைப் பார்த்தேன், மொமெட்டசோன் என்றிருக்கிறது. தோல் மருத்துவரிடம் நேரம் வாங்கிவிட்டேன். இனி மங்குக்கு என்ன வழி? லேசர் செய்தால் விரைவில் போகும் என்கிறார்களே?

நெய்தல்:
இப்போதைக்கு லேசர் வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. நம்மைப் போன்ற மாநிறத் தோலில், அதுவும் அழற்சி தணியாத நிலையில், அந்தச் சூடே புதிய கருமையைக் கிளப்பிவிடலாம். சிவப்பு முழுதும் அடங்கியபின் எனக்குக் கருமையைக் குறைக்கும் அசெலாயிக் அமிலக் களிம்பு கொடுத்தார்கள். முதலில் ஒருநாள் விட்டு ஒருநாள், பிறகு நாள்தோறும். நான்காம் மாதம்தான் ஓரங்கள் மங்கத் தொடங்கின. மேல்தோல் புதுப்பிக்கவே ஏறத்தாழ ஒரு மாதம் ஆகும்போது, இரண்டு வாரத்தில் தெளிவு என்று எவர் சொன்னாலும் ஐயப்படுங்கள்.

மருந்தாளுநர்:
கருத்தடை மாத்திரை எடுத்துக்கொண்டிருந்தால் மருத்துவரிடம் அதைக் கட்டாயம் சொல்லுங்கள், மங்கைத் தூண்டும் காரணங்களுள் அதுவும் ஒன்று. மறுபடி கருவுறும் எண்ணம் இருந்தாலும் சொல்லுங்கள். டிரெட்டினாயினையும் ஹைட்ரோகுவினோனையும் அப்போது தவிர்ப்பார்கள், அசெலாயிக் அமிலத்துக்கு அந்தத் தடை பொதுவாக இல்லை. போகும்போது அந்த டியூபையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.