முட்டை விஷயத்தில் மாற்றிச் சொன்னவர்கள், கொலஸ்ட்ரால் மாத்திரை விஷயத்தில் மட்டும் சரியாகச் சொல்கிறார்களா?

கரிசல்மண்

வணக்கம். அப்பாவுக்கு 63 வயது. போன வருடக் கடைசியில் மாரடைப்பு வந்து, முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் ஸ்டென்ட் (அடைத்த ரத்தக்குழாயைத் திறந்து வைக்கும் வலைக்குழாய்) வைத்தோம். அதிலிருந்து காலையில் ரத்தம் உறையாமல் இருக்க ஆஸ்பிரினும் குளோபிடோக்ரலும், ராத்திரி கொலஸ்ட்ராலுக்கு அட்டோர்வாஸ்டேடின் 40. இப்போது யூடியூபில் யாரோ பேசியதைக் கேட்டுவிட்டு ராத்திரி மாத்திரையை மட்டும் நிறுத்திவிட்டார். எங்களிடம் சொல்லவே இல்லை, அட்டை தீராமல் கிடப்பதைப் பார்த்து அம்மா கேட்டபோதுதான் தெரிந்தது.

அவர் கேட்பதற்கு எனக்குப் பதில் தெரியவில்லை. "மஞ்சக்கரு தின்னாதே, நெஞ்சு அடைக்கும்னு அத்தனை வருஷம் பயமுறுத்தினாங்க. இப்போ அமெரிக்காக்காரனே தின்னலாம்னு சொல்லிட்டான். நெய் வேண்டாம்னு டால்டாவை வாங்க வச்சாங்க, இப்போ டால்டாதான் விஷமாம். அப்போ கொலஸ்ட்ராலே பொய், மாத்திரையும் பொய்" என்கிறார். நிறுத்தின பிறகு தொடை வலி குறைந்திருக்கிறதாம்.

போக்குவரத்துக் கழகத்தில் யூனியன் வேலை பார்த்தவர், யார் சொன்னாலும் ஏன் என்று கேட்பார். அந்த ஏனுக்கு டாக்டரிடமிருந்து பதில் வரவில்லை. "நிறுத்தக்கூடாது" என்று சொல்லி அடுத்த டோக்கனைக் கூப்பிட்டுவிட்டார். அப்பாவிடம் போய்ச் சொல்கிற மாதிரி யாராவது விளக்க முடியுமா?

செக்கடித்தெரு

அப்பா சொல்வதில் பாதிக்கு மேல் உண்மை, முதலில் அதை ஒப்புக்கொள்ளுங்கள். 1968இல் அமெரிக்க இதயச் சங்கம் ஒரு நாளைக்கு 300 மில்லிகிராம் கொலஸ்ட்ராலுக்கு மேல் கூடாது, வாரத்துக்கு மூன்று மஞ்சள் கருவோடு நிறுத்து என்றது. ஒரு முட்டையிலேயே கிட்டத்தட்ட 200 இருக்கிறது. அந்த 300 என்கிற வரம்பை 2015இல் வந்த அமெரிக்க அரசின் உணவு வழிகாட்டி எடுத்தே விட்டது. நடுவில் போன அத்தனை வருடமும் ஏழை வீட்டுக்குக் கிடைத்த மலிவான புரதத்தைப் பயந்து பயந்து சாப்பிட்டோம்.

இன்னொன்று, மினசோட்டாவில் 1968 முதல் 1973 வரை 9,000க்கும் மேற்பட்டவர்களை வைத்து ஒரு சோதனை நடந்தது. பழைய கொழுப்புக்குப் பதிலாகச் சோள எண்ணெய் கொடுத்தார்கள். கொலஸ்ட்ரால் குறைந்தது, ஆனால் சாவு குறையவில்லை. முழு விவரமும் 2016இல்தான் வெளியே வந்தது. கொச்சியில் இதய நோயாளிகள் சுமார் 200 பேருக்கு, ஒரு பாதிக்குத் தேங்காய் எண்ணெய், மறுபாதிக்குச் சூரியகாந்தி எண்ணெய் என்று இரண்டு வருடம் கொடுத்துப் பார்த்ததில் வித்தியாசமே இல்லை, அதுவும் 2016தான்.

என் கதையும் அதுதான். சோற்றைக் குறைத்து முட்டை, காய்கறி, கறி என்று மாறினேன். சர்க்கரையும், ரத்தத்தில் இருக்கும் இன்னொரு கொழுப்பான ட்ரைகிளிசரைடும் நன்றாக இறங்கின. கெட்ட கொலஸ்ட்ரால் என்கிற எல்டிஎல் மட்டும் 170இல் நிற்கிறது. மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள், நான் எடுக்கவில்லை.

வார்டுநர்ஸ்

நான் அரசு மருத்துவமனையில் இதயப் பிரிவில் வேலை பார்க்கிறேன். எல்லாவற்றுக்கும் முன்னால் ஒன்று: அப்பா காலை மாத்திரைகள் இரண்டையும் விடாமல் போடுகிறாரா என்று இன்றைக்கே அட்டையை எடுத்து எண்ணிப் பாருங்கள். ஸ்டென்ட் வைத்த முதல் வருடத்தில் குளோபிடோக்ரலைத் தானாக நிறுத்தினால் ஸ்டென்டுக்குள்ளேயே ரத்தம் உறைந்து அடைத்துக்கொள்ளலாம். அப்படி வந்த நோயாளிகளைப் பார்த்திருக்கிறேன், எல்லோரையும் காப்பாற்ற முடியவில்லை.

சரி, முட்டைக்கு வருவோம். சாப்பாட்டில் இருக்கும் கொலஸ்ட்ரால் வேறு, ரத்தத்தில் ஓடும் எல்டிஎல் வேறு. உடம்பில் இருக்கும் கொலஸ்ட்ராலில் பெரும்பகுதியை நம் உடம்பே செய்துகொள்கிறது, அதில் கல்லீரலுக்கு முக்கியப் பங்கு. நாம் கொஞ்சம் அதிகமாகச் சாப்பிட்டால் அது தன் உற்பத்தியைக் குறைத்துக்கொள்ளும். அதனால்தான் பெரும்பாலானவர்களுக்கு முட்டையால் பெரிய மாற்றம் வருவதில்லை, வரம்பும் போனது. ரத்தத்தில் எல்டிஎல் கூடினால் குழாய் அடைக்கும் என்பதை முட்டையை வைத்து யாரும் நிரூபிக்கவில்லை. தாய், தகப்பன் இருவரிடமிருந்தும் ஒரு மரபணுக் கோளாறை வாங்கிப் பிறக்கிற குழந்தைகள் இருக்கிறார்கள். அண்ணன் தங்கை சாப்பிடும் அதே சாப்பாடுதான், ஆனால் எல்டிஎல் 500ஐத் தாண்டும். முழங்கையிலும் முட்டியிலும் மஞ்சள் கொழுப்புக் கட்டிகள் தெரியும், சிகிச்சை இல்லாவிட்டால் இருபது வயதுக்கு முன்பே மாரடைப்பு வரலாம்.

மாத்திரைக்கு ஆதாரம் தனியாக இருக்கிறது. 1994இல் வெளிவந்த ஸ்காண்டிநேவிய ஆய்வில் 4,444 பேர், எல்லோரும் உங்கள் அப்பா மாதிரி ஏற்கெனவே மாரடைப்போ நெஞ்சுவலியோ வந்தவர்கள். பாதிப் பேருக்கு சிம்வாஸ்டேடின் (அட்டோர்வாஸ்டேடின் மாதிரியே ஸ்டேடின் வகை மாத்திரை), மீதிப் பேருக்கு மருந்தே இல்லாத வெற்று மாத்திரை. ஐந்து வருடத்துக்குக் கொஞ்சம் கூடக் கவனித்ததில் வெற்று மாத்திரைக்காரர்களில் 256 பேரும், மருந்து எடுத்தவர்களில் 182 பேரும் இறந்திருந்தார்கள். கொலஸ்ட்ரால் நம்பர் குறைந்ததை மட்டும் வைத்துப் பேசவில்லை, எந்தக் காரணத்தால் இறந்தாலும் சேர்த்து எண்ணிய கணக்கு இது. நம் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு மாரடைப்போடு வருகிறவருக்கு 'இதயம் காப்போம்' திட்டத்தில் உடனே கொடுக்கும் 14 மாத்திரைகளில் 8 அட்டோர்வாஸ்டேடின்தான்.

செக்கடித்தெரு, நீங்கள் சொன்ன கொச்சி ஆய்வு நல்ல ஆய்வுதான். ஆனால் அதில் இருந்தவர்கள் வழக்கமான இதய மருந்துகளை எடுத்துக்கொண்டே எண்ணெயை மாற்றியவர்கள். மாத்திரை வேண்டாம் என்பதற்கு அதைக் காட்ட முடியாது. மினசோட்டா ஆய்வும் எண்ணெய் மாற்றுவதைப் பற்றியது, ஸ்டேடினைப் பற்றியது இல்லை.

தொடை வலியை இல்லையென்று சொல்லாதீர்கள், அவருக்கு வலிப்பது நிஜம். லண்டனில், இப்படிப் பக்கவிளைவால் ஸ்டேடினை நிறுத்தியவர்கள் 60 பேரை வைத்து ஓர் ஆய்வு நடந்தது (2020இல் வெளிவந்தது). சில மாதம் ஸ்டேடின், சில மாதம் வெற்று மாத்திரை, சில மாதம் எதுவுமே இல்லை, எது எந்த மாதம் என்று மாற்றி மாற்றி. ஸ்டேடினில் வந்த தொந்தரவில் பத்தில் ஒன்பது பங்கு வெற்று மாத்திரையிலும் வந்தது. விவரத்தைக் காட்டிய பிறகு பாதிப் பேர் திரும்ப மாத்திரை எடுக்கத் தொடங்கினார்கள். சிலருக்கு மருந்தாலேயே வலி வருவதும் உண்டு. அப்படியானால் சிபிகே (தசை பாதிப்பைக் காட்டும் ரத்த டெஸ்ட்), தைராய்டு பார்க்கலாம், டோஸைக் குறைக்கலாம், ரோசுவாஸ்டேடினுக்கு மாறலாம், எசெட்டிமைப் என்கிற வேறு வகைக் கொலஸ்ட்ரால் மாத்திரையைச் சேர்க்கலாம். வழி நிறைய இருக்கிறது, டாக்டரிடம் வலி என்று சொன்னால்தான் மாற்றுவார்.

மேலமாசிவீதி

கேள்வி கேட்கிற அப்பாவை விட்டுவிடாதீர்கள், அவர் கேட்க வேண்டிய இடம் வேறு. மாரடைப்பு வந்த நேரத்தில் ஸ்டென்ட் உயிரைக் காக்கும், அதில் சந்தேகம் இல்லை. ஆனால் நடந்தால் மட்டும் நெஞ்சு வலிக்கிறது, மற்றபடி நிலையாக இருக்கிறார் என்கிறவருக்கு? 2007இல் ஓர் ஆய்வும், 2020இல் 5,179 பேரை வைத்து இன்னோர் ஆய்வும் வந்தன. அப்படிப்பட்டவர்களுக்கு ஸ்டென்ட் வைத்தாலும் நல்ல மருந்து மட்டும் கொடுத்தாலும் சாவில் வித்தியாசம் இல்லை, ஸ்டென்டால் வலி கூடுதலாகக் குறைகிறது, அவ்வளவுதான். இருந்தும் ஆஞ்சியோ மேஜையில் படுக்க வைத்துக்கொண்டே "90 சதவீதம் அடைப்பு, இப்பவே வச்சிடலாம்" என்று வெளியே நிற்கும் குடும்பத்திடம் கையெழுத்து வாங்குகிறார்கள். 2017 பிப்ரவரியில் மத்திய அரசு மருந்து பூசிய ஸ்டென்டுக்கு 29,600 ரூபாய் என்று உச்ச விலை வைக்கும்வரை ஒரு லட்சத்துக்கு மேலும் வாங்கிக்கொண்டிருந்தார்கள். இதைக் கேளுங்கள்.

ஆஸ்பிரினும் அப்படித்தான். இதய நோயே இல்லாத பெரியவர்களும் தினம் ஒன்று போடுவது நல்லது என்று இருந்தது. 2018இல் 19,114 முதியவர்களை வைத்துப் பார்த்ததில் பலன் இல்லை, ரத்தக்கசிவுதான் கூடுதல் என்று வந்தது. டாக்டர்கள் அந்த வழக்கத்தைப் பெரும்பாலும் விட்டுவிட்டார்கள். (உங்கள் அப்பாவுக்கு இது பொருந்தாது, ஸ்டென்ட் இருக்கிறது, அவர் கட்டாயம் போட வேண்டும்.) டால்டா கதையிலும், அதில் இருந்த ட்ரான்ஸ் கொழுப்பு 2 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்று 2022இல் இங்கே சட்டமே வந்தது. தப்பான அறிவுரைகளைப் பிடித்தது இந்த மாதிரி ஆய்வுகள்தான். முட்டைக்கு அதை நம்புகிற அப்பா மாத்திரைக்கும் நம்பத்தான் வேண்டும்.

செக்கடித்தெரு

கொச்சி பற்றிச் சொன்னது சரி, நான் எண்ணெயை மட்டும்தான் பார்த்தேன். ஆனால் எனக்கு மாரடைப்பு எதுவும் இல்லையே, 170க்கு நான் ஏன் பயப்பட வேண்டும்?

வார்டுநர்ஸ்

உங்கள் நிலைமை வேறு. மாரடைப்பு வராதவருக்கு மாத்திரையின் பலன் அவரவர் ஆபத்தைப் பொறுத்தது. வயது, பிபி, சர்க்கரை, சிகரெட், அப்பா அண்ணன் யாருக்காவது இள வயதில் வந்ததா, எல்லாம் பார்க்க வேண்டும். சோற்றைக் குறைத்தது நல்ல காரியம், அதை விடாதீர்கள். ஆனால் சிலருக்கு அந்தச் சாப்பாட்டிலேயே எல்டிஎல் ஏறும். நெய், தேங்காய் எண்ணெயைக் கொஞ்ச நாள் குறைத்துவிட்டு மறுபடி டெஸ்ட் எடுத்துப் பாருங்கள், அப்போதும் 170 என்றால் டாக்டரிடம் உட்கார்ந்து பேசுங்கள்.

கரிசல்மண்

எல்லாவற்றையும் அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். காலை மாத்திரை விடாமல் போடுகிறார், அட்டையை எண்ணிவிட்டேன். மேலமாசிவீதி எழுதியதை இரண்டு தடவை படிக்கச் சொன்னார். அப்புறம் ஒரே கேள்வி: "அந்த 4,444 பேர் ஆய்வுக்குக் காசு கொடுத்தது யார்?"

வார்டுநர்ஸ்

சரியான கேள்வி. அந்த மருந்தை விற்ற மெர்க் கம்பெனிதான் கொடுத்தது. அதனால் அதோடு நிறுத்தக்கூடாது. 2002இல் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகம் 20,536 பேரை வைத்து நடத்திய ஆய்வுக்குக் கம்பெனிப் பணத்தோடு பிரிட்டன் அரசின் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலும் பணம் கொடுத்தது, அதிலும் சாவு குறைந்தது. இன்னொன்றும் சொல்லுங்கள்: அட்டோர்வாஸ்டேடினின் காப்புரிமை முடிந்து பல வருடம் ஆகிவிட்டது. அரசு மருத்துவமனையில் இலவசமாகவே கொடுக்கிறோம், அவர் அதைப் போடுவதால் எந்தக் கம்பெனியும் கொழுக்கப் போவதில்லை.

நாளைக் காலையில் வெறும் வயிற்றில், கொலஸ்ட்ரால் பார்க்கும் லிப்பிட் டெஸ்டுக்கு ரத்தம் கொடுக்கச் சொல்லுங்கள். டாக்டரைப் பார்த்து தொடை வலியையும் சொல்லிவிட்டு, அவர் சொல்கிற டோஸில் அன்றைக்கு ராத்திரியே தொடங்கட்டும், ரிசல்ட்டுக்காகக் காத்திருக்க வேண்டாம். ஆறு வாரம் கழித்து மறுபடி ஒரு டெஸ்ட். மாரடைப்பு வந்தவருக்கு எல்டிஎல் 70க்குக் கீழே, முடிந்தால் 55க்குக் கீழே இருக்க வேண்டும். இரண்டு ரிப்போர்ட்டையும் அவர் கையிலேயே கொடுங்கள்.