வாட்ச்டாக் ரீசெட்டுக்குப் பிறகு ஐ2சி சென்சார் பேச மறுக்கிறது

கோவை_ஃபர்ம்வேர்:
வணக்கம். பம்ப் கன்ட்ரோலர் போர்டுக்கு ஃபர்ம்வேர் எழுதுகிறேன், வேலைக்கு வந்து முதல் வருடம். எஸ்டிஎம்32 மைக்ரோகன்ட்ரோலர், ஐ2சியில் (எஸ்டிஏ டேட்டா, எஸ்சிஎல் க்ளாக் என இரண்டு வயரில் பேசும் பஸ்) ஒரு வெப்பநிலை சென்சார். வாட்ச்டாக் (புரோகிராம் மாட்டிக்கொண்டால் சிப்பை ரீசெட் செய்யும் டைமர்) ரீசெட் ஆனால் சில நேரம் சென்சார் பதிலே தருவதில்லை. பவரை எடுத்துப் போட்டால்தான் வருகிறது. நடப்பதை எழுத்தாக அச்சிடும் பிரின்ட்எஃப் வரிகளை நிறையப் போட்டால் பிரச்சினை அபூர்வமாகிவிடுகிறது, எடுத்தால் அடிக்கடி வருகிறது. பிரேக்பாயின்ட்டில் நிறுத்தினால் வாட்ச்டாக் அடித்துவிடுகிறது. கையில் எஸ்டி-லிங்க் டீபக்கரும் மல்டிமீட்டரும்தான் உண்டு. என் காசில் என்ன வாங்கலாம்?

சால்டர்_புகை:
வயரை மேலே இழுத்துப் பிடிக்கும் புல்-அப் ரெசிஸ்டர் வெளியே இருக்கிறதா? சிப்புக்குள் இருப்பது 40 கிலோ ஓம் அளவு, ஐ2சிக்குப் போதாது.

கோவை_ஃபர்ம்வேர்:
இருக்கிறது அண்ணா, 4.7 கிலோ ஓம்.

பழைய_8051:
தம்பி, அடுத்த முறை சென்சார் நின்றதும் பவரை எடுக்காதீர்கள். எஸ்டிஏ வயரில் மீட்டரை வையுங்கள். 0 வோல்ட் பக்கம் நின்றால் காரணம் கிடைத்துவிட்டது.

சென்சார் ஒரு 0 பிட்டை அனுப்பிக்கொண்டிருக்கும்போது உங்கள் சிப் ரீசெட் ஆகிறது. அது சென்சாருக்குத் தெரியாது. அடுத்த க்ளாக் வரும் என்று எஸ்டிஏவைக் கீழே பிடித்தபடி காத்திருக்கிறது. திரும்பி எழுந்த சிப்போ, பஸ் பிஸி என்று நினைத்து ஸ்டார்ட் (பேச்சைத் தொடங்கும் சிக்னல்) கொடுப்பதில்லை. ஆகவே பூட் ஆனதும், ஐ2சியைத் தொடங்கும் முன், எஸ்சிஎல் பின்னை ஓபன் டிரெயின் ஜிபிஐஓவாக (கீழே மட்டும் இழுக்கும் சாதாரண பின்னாக) மாற்றி, எஸ்டிஏ மேலே வரும்வரை பல்ஸ் கொடுங்கள். அதிகபட்சம் 9 போதும். அப்புறம் ஒரு ஸ்டாப்.

பிரின்ட்எஃப் ஏன் மறைத்தது? 115200 பாட் வேகத்தில் ஒரு எழுத்துக்குக் கிட்டத்தட்ட 87 மைக்ரோசெகண்ட். 40 எழுத்து வரிக்கு 3.5 மில்லிசெகண்ட். சென்சாரிலிருந்து இரண்டு பைட் படிக்க 100 கிலோஹெர்ட்ஸில் அரை மில்லிசெகண்ட் ஆகும். நேரம் பெரும்பாலும் அச்சிடுவதிலேயே போவதால், படிக்கும்போது பார்த்து ரீசெட் விழுவது குறைந்துவிடுகிறது. டைமிங் பிரச்சினையில் பிரின்ட்எஃப்பை நம்பவே கூடாது. காலியாக உள்ள ஒரு பின்னை மேலே தூக்கி இறக்குங்கள், அதற்குச் சில க்ளாக்தான் செலவு.

அதைப் பார்க்கத்தான் லாஜிக் அனலைசர். 8 சேனல், 24 மெகாஹெர்ட்ஸ் வகை மலிவாகவே கிடைக்கும். அதற்கான பல்ஸ்வியூ சாஃப்ட்வேர் இலவசம், ஐ2சியைப் பிரித்து எழுத்தாகவே காட்டும். இந்த வேலைக்கு வரும் ஒவ்வொருவரிடமும் இதைத்தான் முதலில் வாங்கச் சொல்வேன். புரோகிராமைப் படிப்பதற்கு முன் வயரைப் பார்க்கிற பழக்கம் அதிலிருந்துதான் வரும். ஆனால் அது 0, 1 மட்டும்தான் காட்டும். எட்ஜ் மந்தமாக ஏறுவதைப் பார்க்க ஆசிலோஸ்கோப் வேண்டும், அதை அலுவலகத்தில் கேளுங்கள்.

பிரேக்பாயின்ட் விஷயம்: டிபிஜிஎம்சியூ என்ற டீபக் ரெஜிஸ்டரில், பிரேக்பாயின்ட்டில் நிற்கும்போது வாட்ச்டாக்கை உறைய வைக்கும் பிட் இருக்கிறது, அதை செட் செய்யுங்கள்.

கோவை_ஃபர்ம்வேர்:
எஸ்டிஏ 0.1 வோல்ட்! பல்ஸ் கொடுத்ததும் சென்சார் வந்துவிட்டது. மிக்க நன்றி அண்ணா. இன்னொன்றும் கவனித்தேன், பம்ப் ரிலே விழும்போதுதான் வாட்ச்டாக் அடிக்கிறது.

பழைய_8051:
அப்படியானால் வேலை இன்னும் முடியவில்லை. ரிலே நாய்ஸில் ஐ2சி குழம்பியிருக்கும். ஐ2சி வேலை முடிந்ததைக் காட்டும் ஃப்ளாகுக்காகக் காத்திருக்கும் வைல் லூப்பில் டைம்அவுட் இல்லாவிட்டால் புரோகிராம் அங்கேயே சுற்றும், வாட்ச்டாக் அடிக்கும். எல்லா லூப்புக்கும் டைம்அவுட் போடுங்கள். ரிலே காயிலுக்குக் குறுக்கே டையோடு இருக்கிறதா என்றும் பாருங்கள்.