திரைக்கதையை அச்சிட்டு பைண்டிங் செய்யப் போன இடத்தில்: உங்கள் அனுபவம் என்ன?

கரிக்கோல்

வடபழனி, ஆற்காடு சாலை. கடை மூடும் நேரம். மறுநாள் காலை படக் கம்பெனியில் பவுண்ட் ஸ்கிரிப்ட், அதாவது பைண்டிங் செய்த முழுத் திரைக்கதை, கொடுத்தாக வேண்டும். பிடிஎஃப் கோப்பைக் கடையின் வாட்ஸ்அப் எண்ணுக்கு அனுப்பினேன். பையன் கணினியில் ‘ஸ்கிரிப்ட்’ என்று தட்டித் தேடினான். திரை நிரம்பிவிட்டது. ஃபைனல், ஃபைனல் 2, ஃபைனல் கரெக்‌ஷன், புரொட்யூசர் காப்பி. எல்லாமே யார் யாருடையதோ. அவன் ஏதோ ஒன்றை அழுத்த, மெஷின் ஓடத் தொடங்கியது.

வந்த தாள்களை எடுத்துப் பார்த்தேன். காட்சி 41. ரேஷன் கடை வரிசை. ஒரு பெண் தன் முன்னாள் கணவனின் இப்போதைய மனைவிக்கு இடம் பிடித்து வைக்கிறாள். வசனமே இல்லை. தன் பைக்குப் பின்னால் இன்னொரு பையைத் தரையில் வைக்கிறாள், அவ்வளவுதான். அடுத்த தாளைப் புரட்டுவதற்குள் பையன் பிடுங்கிக்கொண்டான். “அது வேறு ஆளுடையது சார்.” அப்படியே கவிழ்த்து ரஃப் தாள் கட்டின் மேல் வைத்து, அதன் முதுகிலேயே எனக்கான பில் கணக்கைப் போட்டான்.

எழுதியவர் யாரென்று இன்றுவரை தெரியாது. எந்தப் படத்தில் ரேஷன் கடை வந்தாலும் நிமிர்ந்து உட்காருகிறேன். என் பக்கங்களின் முதுகில் யாருடைய கணக்கு இருக்கிறதோ?

சட்டம் படித்தவன்

பையனைக் குறை சொல்லிப் பயனில்லை. எனக்கும் ஒரு முறை, பைண்டிங் முடிந்து கையில் வந்த பிரதியில் நடுவே யாருடைய திருமண அழைப்பிதழோ சேர்ந்திருந்தது. மணமகன் பெயர் இன்னும் நினைவிருக்கிறது. அதை விடுங்கள்.

யாரும் கேட்கவில்லை என்றாலும் சொல்லிவிடுகிறேன். எழுதி முடித்த கணமே பதிப்புரிமை உங்களுடையது. 1957ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவு கட்டாயமில்லை. ஆனால் வழக்கு என்று வந்தால் பதிவேடு முதல்நோக்குச் சான்றாக, அதாவது எதிராளி மறுத்து நிரூபிக்கும்வரை ஏற்கப்படும் சான்றாக, நிற்கும், பிரிவு 48. இலக்கியப் படைப்புக்குக் கட்டணம் 500 ரூபாய். விண்ணப்பித்த பிறகு ஆட்சேபம் வருகிறதா என்று 30 நாள் பார்ப்பார்கள். சென்னையில் தென்னிந்தியத் திரைப்பட எழுத்தாளர் சங்கத்திலும் கதையைப் பதிந்துவைக்கலாம். எழுதிய தேதிக்குச் சான்றாக இருக்கட்டும் என்று தனக்குத்தானே பதிவுத் தபால் அனுப்பி, உறையைப் பிரிக்காமல் பீரோவில் பூட்டி வைக்கும் வழக்கம் ஒன்று உண்டு. அதை நம்பி உட்கார்ந்திருக்காதீர்கள். கருவுக்கு மட்டும் உரிமை கிடையாது என்று உச்ச நீதிமன்றம் 1978இலேயே ஆர்.ஜி. ஆனந்த் வழக்கில் சொல்லிவிட்டது. இவ்வளவையும் முடித்துக்கொண்டு ஜெராக்ஸ் கடைக்குப் போனால் போதும். அப்போதும் அச்சு முடிந்ததும் கோப்பை உங்கள் கண் முன்னால் அழிக்கச் சொல்லுங்கள். குப்பைத் தொட்டியிலிருந்தும்.

இன்னொன்று. அந்த மனிதரின் காட்சியைப் பையன் ஒருவருக்குத்தான் காட்டினான். நீங்கள் இங்கே எல்லோருக்கும் சொல்லிவிட்டீர்கள்.

கரிக்கோல்

கருவுக்கு உரிமை இல்லை என்றும் நீங்களே சொல்கிறீர்கள், நான் சொன்னது தப்பு என்றும் நீங்களே சொல்கிறீர்கள்.

சட்டம் படித்தவன்

முன்னாள் மனைவியும் இந்நாள் மனைவியும் சந்திப்பது கரு. தரையில் பையை வைப்பது கரு அல்ல.

பரீட்சை அட்டை

சண்டையை அப்புறம் வைத்துக்கொள்ளுங்கள். நான் உதவி இயக்குநராக இருந்தவன். என் முதல் கதையைக் காகிதம் மிச்சமாகட்டும் என்று இருபுறமும் அச்சிட்டு ஒரு கம்பெனிக்கு எடுத்துப் போனேன். மேனேஜர் வாங்கினார். திறக்கவில்லை. உள்ளங்கையில் வைத்து, மீன் வாங்குகிறவர் போல, மேலும் கீழும் ஆட்டிப் பார்த்தார். “இரண்டரை மணி நேரப் படம் என்றீர்களே, இவ்வளவுதானா?”

ஏ4 அளவில் 80 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 80 கிராம்) தாள் ஒன்று 5 கிராம். 120 பக்கக் கதையை இருபுறம் அடித்தால் 300 கிராம், ஒருபுறம் அடித்தால் 600. ஓர் எழுத்தைக்கூட மாற்றாமல் ஒருபுறமாக அடித்து, மறுவாரம் அதே மனிதரிடம் நீட்டினேன். மறுபடி ஆட்டிப் பார்த்தார். “இப்போதுதான் கதை நிற்கிறது.” இரண்டு தடவையும் அட்டையைக்கூடத் திருப்பவில்லை. அந்தக் கை இன்னும் கண்ணுக்குள் ஆடுகிறது.

புதியவர்களுக்கு: ரெக்சின் அட்டை, தங்க எழுத்து என்று ஆய்வேடு மாதிரி ஹார்டு பைண்டிங் போடுகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பாவமாக இருக்கும். அது மேசையில் விரிந்து படுக்காது. ஒரு கை பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும், காபி டம்ளரை எந்தக் கையால் எடுப்பார்? தயாரிப்பாளரின் அலமாரிக்கு ஒரு பிரதி அப்படிப் போடலாம். படிக்கிறவருக்கு ஸ்பைரல்தான், முன்னால் கண்ணாடித் தாள், பின்னால் கறுப்பு அட்டை. ஸ்பைரல் துளைக்கு இடது ஓரத்தில் தாராளமாக இடம் விடுங்கள், இல்லாவிட்டால் வரியின் முதல் எழுத்தைத் துளை தின்றுவிடும். படப்பிடிப்புக்கு இரண்டுமே உதவாது. அங்கே சீன் பேப்பரைத் தனியாக எடுத்துப் பரீட்சை அட்டையில் கவ்வி வைத்துக்கொண்டு ஓடுவோம். ஹாலிவுட்டில் திருத்திய பக்கங்களை நீலம், இளஞ்சிவப்பு, மஞ்சள் என்று நிறத் தாளில் அடித்துப் பழையதை உருவிவிட்டுச் செருகுவார்கள். ஸ்பைரலில் உருவ முடியாது, கிழிக்கத்தான் முடியும்.

ஸ்கார்பரோ வாசி

டொராண்டோவில் நாங்கள் சிலர் கூடி நான் எழுதிய தமிழ்த் திரைக்கதை ஒன்றை வாய்விட்டு வாசித்தோம். சென்னையில் இருக்கும் நண்பர் வடிவமைத்துக் கொடுத்த ஏ4 கோப்பு. இங்கே கடைகளில் இருப்பது லெட்டர் தாள். ஏ4 உயரம் 297 மில்லிமீட்டர், லெட்டர் 279. கடைக்காரர் சுருக்காமல் அப்படியே அச்சிட்டுவிட, பல பக்கங்களில் கடைசி வரி போய்விட்டது. தகப்பனிடம் மகன் எதையோ ஒப்புக்கொள்ளும் இடம். வாசித்தவர் “அப்பா, நான் அன்றைக்கு” என்பதோடு நின்றார். பக்கத்தைத் திருப்பினால் தகப்பன் “இதை ஏன் இப்போது சொல்கிறாய்?” என்கிறார். மேசையைச் சுற்றி இருந்தவர்கள் விட்டுப்போன வரியை ஆளுக்கொன்றாக ஊகித்தார்கள். அவற்றில் ஒன்று என் வரியைவிடக் கூர்மையாக இருந்தது. சேர்க்கவும் மனம் வரவில்லை, மறக்கவும் முடியவில்லை.

பரீட்சை அட்டை அண்ணன் ஹாலிவுட்டைத் தொட்டதால் சொல்கிறேன்: அங்கே ஸ்பைரலே கிடையாது. மூன்று துளை, மேலும் கீழும் மட்டும் பித்தளை ஆணி, நடுத்துளை காலி. ஆணியைக் கழற்றினால் நிமிடத்தில் நகல் எடுத்துவிடலாம். கூரியர் என்ற எழுத்துரு, 12 புள்ளி அளவு, ஒரு பக்கம் ஏறக்குறைய ஒரு நிமிடப் படம். நம்மவர்களும் இந்த முறைக்கு வந்தால் நல்லது.

கொம்பு

எப்படி வருவது? கூரியரில் தமிழ் எழுத்து ஏது? இடப்பக்கம் காட்சி, வலப்பக்கம் வசனம் என்று தாளைப் பிரித்து எழுதிப் பழகியவர்கள் இங்கே நிறைய. அந்தப் பக்கத்தை எந்த நிமிடக் கணக்கில் சேர்ப்பீர்கள்? தமிழ்ச் சொல்லின் நீளமே வேறு.

என் கதை எழுத்துருவால் வந்தது. பாமினி என்ற பழைய, யூனிகோடு அல்லாத தமிழ் எழுத்துருவில் தட்டச்சு செய்த வேர்டு கோப்பு. கடைக் கணினியில் பாமினி இல்லை. நான் டீ குடிக்கப் போன நேரத்தில் முழுவதையும் அடித்து, துளையிட்டு, ஸ்பைரலும் மாட்டிவிட்டார்கள். திறந்தால் பக்கம் பக்கமாக ஆங்கில எழுத்துகள். ‘அம்மா’ என்று இருக்க வேண்டிய இடத்தில் எம், கே, அரைப்புள்ளி, கே, எச். பைண்டிங் போட்ட அக்கா வெகு மரியாதையாகக் கேட்டார்: “இங்கிலீஷ் படமா சார்?” முழுப் பணமும் வாங்கிக்கொண்டார்கள்.

அதை எறியவில்லை. பாமினி விசைப்பலகை விரலில் ஊறிவிட்டதால் அந்தப் பிரதியை என்னால் சரளமாகப் படிக்க முடிகிறது. உலகத்தில் வேறு யாரும் திருட மாட்டார்கள். சட்டம் படித்தவன் சாருக்குத் திருப்திதானே? மற்றவர்கள் யூனிகோடில் எழுதி, எழுத்துருவை உள்ளே பதித்த பிடிஎஃப் ஆக எடுத்துச் செல்லுங்கள். முதல் பத்துப் பக்கம் வரும்வரை மெஷின் பக்கத்திலேயே நில்லுங்கள்.

மேற்கு மாம்பலம்

சின்ன விஷயம்தான். பிள்ளையார் சுழி போட்ட முதல் பக்கத்தின் நான்கு மூலையிலும் அம்மா மஞ்சள் வைத்தார். சாமி படத்தடியில் இருந்துவிட்டு நேரே தயாரிப்பாளர் மேசைக்குப் போனது. அவர் பக்கத்தைத் திருப்பினார். ஈர மஞ்சள் ஒட்டிக்கொண்டு முதல் மூன்று தாளும் ஒன்றாகவே திரும்பின. கதாநாயகன் அறிமுகமே இல்லாமல் நான்காம் பக்கத்திலிருந்து படிக்கத் தொடங்கினார். நான் வாயைத் திறக்கவில்லை.

பரீட்சை அட்டை

பூஜைக்குத் தனிப் பிரதி போடுங்கள் தம்பி. அதை இருபுறமும் அடிக்கலாம், சாமி எடை பார்க்க மாட்டார். அவர் கடைசியில் என்ன சொன்னார்?

மேற்கு மாம்பலம்

வேகமாக ஆரம்பிக்கிறது, நன்றாக இருக்கிறது என்றார்.