மறு: மெல்லிய ஓசையைத் தந்து வெடியோசையைத் தடுக்கும் செவிமூடிக்கு ஒரு சொல் வேண்டும்

ம. எழுதியது:

அனைவருக்கும் வணக்கம்.

செவித்துணைக் கருவி அணிந்து வேட்டைக்குப் போகிறவர்களுக்கான கையேடு ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். உரிமம் பெற்று வேட்டையாட இடமுள்ள நாடுகளில் வாழும் தமிழர்கள் படிக்கப்போவது. வெள்ளிக்கிழமை அச்சுக்குக் கொடுத்தாக வேண்டும். காற்றிரைச்சல், ஈரம், பேட்டரி பற்றிய பகுதிகள் எல்லாம் முடிந்தன. ஒரே ஒரு பொருளின் பெயரில் வேலை நிற்கிறது.

பொருள் இதுதான். தலைக்குமேல் வளையும் பட்டை, இரு காதையும் முழுதாக மூடும் இரண்டு கிண்ணங்கள். ஒவ்வொரு கிண்ணத்திலும் வெளியே ஒரு மைக், உள்ளே ஒரு சிறு ஸ்பீக்கர். சருகில் குளம்பு படும் ஓசை, கூட வந்தவரின் கிசுகிசுப்பு எல்லாம் கேட்கும். துப்பாக்கி வெடித்தால் அந்த ஓசையை ஸ்பீக்கர் தராது. மூலத்தில் உள்ளதைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் ‘ஒலிமட்டம் சார்ந்த செவிக்காப்புச் சாதனம்’ என்று வருகிறது. படிப்பவர் அதை வைத்துக்கொண்டு கடையில் எதைக் கேட்பார்?

நான் நினைத்திருப்பது ‘செவிமதகு’. கருத்துச் சொல்லுங்கள்.

பு. எழுதியது:

மதகு என்று எண்ணியது நன்று. ஆனால் நீர்நிலைச் சொற்களுக்குள் கால் வைத்துவிட்டால் நான்கையும் பிரித்துப் பார்க்க வேண்டும். மதகு ஆள் நின்று திறப்பது, அடைப்பது. மடை நீர் பாயும் வாய். தூம்பு உள்துளை உடையது. கரைக்கு அடியில் நீர் போகும் குழாய்க்கும் அதுவே பெயர், பழைய ஊதுகருவி ஒன்றுக்கும் அதுவே பெயர். கலிங்கு மட்டுமே ஆள் இல்லாமல் மட்டத்தை அறிந்து இயங்குவது: நீர் ஒரு மட்டத்தைத் தாண்டினால் மிகுதி தானே வழியும்.

மட்டமறிந்து இயங்கும் கருவிக்குக் கலிங்குதான் பொருந்தும். ஆனால் கலிங்கு மிகுதியை வெளியே விடும். நம் கருவி மிகுதியை மறுத்து, குறைவை உள்ளே விடுகிறது. ஆகவே உவமை தலைகீழாகிறது. தூம்பு என்ற சொல்லில் நீரும் இசையும் ஒருசேர இருப்பதால் ‘செவித்தூம்பு’ என்பதை எண்ணிப் பாருங்கள்.

செ. எழுதியது:

நான்கு சொல்லுமே அழகு. ஆனால் நான்கும் கருவி வேலை செய்யும் விதத்துக்கு மாறான படத்தைக் காட்டுகின்றன. மதகு என்றால், இதுவரை திறந்திருந்தது, வெடிக்கும்போது மூடிக்கொள்கிறது என்று தோன்றும். இந்தக் கிண்ணமோ எப்போதும் மூடியே இருக்கிறது. வெடியோசையைத் தடுப்பது கிண்ணத்தின் ஓடும், உள்ளே இருக்கும் நுரைப்பஞ்சும், காதைச் சுற்றித் தோலில் ஒட்டி உட்காரும் மெத்தை விளிம்பும்தான். மின்சுற்று அதில் கை வைப்பதே இல்லை. அதன் வேலை வெளியே உள்ள மெல்லிய ஓசையைப் பெருக்கி உள்ளே தருவது. வழக்கமாக 82 முதல் 85 டெசிபெலுக்கு மேல் தராமல் நிறுத்திக்கொள்வது. பேட்டரி தீர்ந்தால் சுற்றோசை கேட்பது நின்றுபோகும். காப்பு அப்படியே இருக்கும்.

இதைப் பெயரில் தவறவிட்டால் விளைவு உண்டு. ‘மதகு தானே மூடிக்கொள்ளும்’ என்று நம்புகிறவர் விளிம்பைக் கவனிக்க மாட்டார். தடித்த மூக்குக்கண்ணாடிக் கால், கம்பளித் தொப்பியின் ஓரம், காதோர முடி, இதில் ஒன்று மெத்தைக்கு அடியில் அகப்பட்டாலும் இடுக்கு விழும். அந்த இடுக்கு வழியே போகும் வெடியோசையை எந்த மின்சுற்றும் பிடிக்காது.

இன்னொன்றும் உண்டு. செவித்துணைக் கருவியை அணைத்துக் காதிலேயே விட்டுவிட்டால் அதுவே அடைப்பானாகிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். திறந்த குமிழ்முனை (காதுக்குழாயில் செருகும், துளைகளுள்ள மென்முனை) போட்ட கருவியென்றால் காதுக்குழாய் ஏறக்குறையத் திறந்தே இருக்கிறது. காதச்சு, அதாவது அணிபவரின் காதுக்கு ஏற்ப வார்த்த முனை, போட்டதென்றாலும் அதில் பெரும்பாலும் காற்றுத்துளை இருக்கும். துப்பாக்கி வெடியின் உச்சம் பெரும்பாலும் 140 டெசிபெலைத் தாண்டும். 160-ஐத் தாண்டுவதும் சாதாரணம். 20 டெசிபெல் கூடினால் அழுத்தம் 10 மடங்கு. செவித்துணைக் கருவிக்குள் இருக்கும் ‘திடீரோசை அடக்கி’ ஸ்பீக்கர் தரும் ஓசையைத்தான் அடக்கும். துளை வழியே நேராக நுழைவதை அல்ல. எனவே ‘செவித்துணை’ என்ற சொல்லோடு குழம்பாத பெயராக வையுங்கள். முன்னொட்டு ஒன்றாகவே இருந்தாலும் பின்பாதியில் ‘மூடி’ தெளிவாகக் கேட்க வேண்டும்.

ப. எழுதியது:

துப்பாக்கிப் பயிற்சி வகுப்பில் இது பேச்சில் வர வேண்டிய சொல். குறி பார்க்கும் முன் எல்லாருக்கும் கேட்கும்படி கட்டளை கொடுக்க வேண்டும். ‘செவிமூடி அணிக!’ என்றால் போதும், புரியும். ‘செவித்தூம்பு அணிக’ என்றால் பாதிப் பேர் திரும்பிப் பார்ப்பார்கள். நீளமான பெயர் கையேட்டில் இருக்கட்டும், அதன் வால் ‘செவிமூடி’ என்று முடியட்டும்.

பு. எழுதியது:

கட்டளைக்கு எளிமை வேண்டும் என்பதை ஏற்கிறேன். ஆனால் இன்று புரிவது மட்டுமே அளவுகோல் என்றால் புதுச்சொல்லே வேண்டியதில்லை. பேருந்தும் முதலில் புரியாத சொல்தான்.

இரைச்சல் என்ற சொல்லை இதற்குள் கொண்டுவர முடியுமா என்று பார்த்தேன். இரைதல் என்றால் ஒலித்தல். கடல் இரைகிறது. மூச்சு இழுத்து ஒலிப்பது இரைப்பு. ‘இரைதடை’ என்று வைத்தால் நான்கெழுத்தில் சொல் முடிகிறது. வேட்டைப் பொருளான இரையும் இதே ஒலிவடிவில் இருப்பதால் கையேட்டின் சூழலுக்கும் பொருந்துகிறது. இரை என்னும் உணவுப்பெயரும் இரை என்னும் ஒலிவினையும் ஒரே வேரின் கிளைகளா என்பது தனியே ஆராயத்தக்கது. உணவு கண்டு எழுப்பும் ஒலியிலிருந்து உணவுக்கே பெயர் வந்திருக்கலாம் என்பது என் துணிபு.

ம. எழுதியது:

பு. ஐயா, கையேட்டின் பக்கத்துக்குப் பக்கம் ‘இரை’ என்றால் விலங்கு. ‘இரைதடை அணிந்து காத்திருங்கள்’ என்று எழுதினால், விலங்கு வராமல் தடுக்கும் ஏதோ ஒன்று என்றுதான் படிப்பார்கள். இரண்டு பொருளும் ஒரே பக்கத்தில் வரும்போது வேரின் உறவு வாசகருக்கு உதவாது.

க. எழுதியது:

செ. அம்மா சொன்னதிலிருந்தே பெயர் கிடைக்கிறது. கருவியின் சிறப்பு அது தடுப்பதில் இல்லை, தருவதில் இருக்கிறது. சாதாரணச் செவிமூடியும் தடுக்கிறது. இது மெல்லிய ஓசையைத் தருகிறது. ‘மென்னொலிச் செவிமூடி’ எப்படி?

பு. எழுதியது:

மென்னொலி அன்று, மெல்லொலி. மென்மையின் மை கெட்டு, வருமொழி முதலில் உயிர் நின்றால் மெல் என்றாகி ஒற்று இரட்டும்: மெல்லினம், மெல்லிசை, மெல்லடி. வருமொழி முதலில் வல்லினம் நின்றால் மென்பொருள், மென்காற்று. நன்னூல் 136-ஆம் நூற்பா பண்புப்பெயர்த் திரிபுகளை அடுக்கிச் சொல்கிறது, பார்க்க. பத்து ஆண்டு கழித்து மாணவர் ‘மென்னொலி’யை மேற்கோள் காட்டாமல் இருக்க இப்போதே திருத்துவது நல்லது.

அதோடு, ‘மெல்லொலிச் செவிமூடி’ என்றால் மெல்லிய ஒலியை மூடுவது என்றும் விரிக்கலாமே? ஆறு வேற்றுமைத் தொகையில் எது என்று வாசகர் எப்படி அறிவார்?

க. எழுதியது:

திருத்தத்துக்கு நன்றி, ஐயா. அப்படியானால் நடுவில் ஒரு வினை வேண்டும். ‘மெல்லொலி விடு செவிமூடி’ என்று வைக்கலாமா?

செ. எழுதியது:

‘விடு’ என்றால் துளை இருக்கிறது என்று ஆகிவிடும். கிண்ணத்தில் துளை கிடையாது. மைக் எடுத்து, பெருக்கி, ஸ்பீக்கர் மீண்டும் எழுப்பித் தரும் ஓசை அது. ஆனால் துளையுள்ள வகை ஒன்று உண்மையிலேயே இருக்கிறது. மின்சுற்றே இல்லாத, காதுக்குள் செருகும் அடைப்பான். நடுவில் மிகச் சிறு துளை. மெல்லிய ஓசை அதன் வழியே போகும். வெடியின் அழுத்தம் வரும்போது துளைக்குள் காற்றோட்டம் சுழன்று கலங்கி, துளையே தடையாகிவிடும். பேட்டரி வேண்டாம், மின்சுற்றும் வேண்டாம். அதற்கு ‘விடு’ மிகப் பொருத்தம். கிண்ணத்துக்கு ‘தரு’ வேண்டும்.

இந்த வேறுபாடு நம் வாசகருக்கு முக்கியம். துளை அடைப்பானைச் செவித்துணைக் கருவியோடு சேர்த்துப் போட முடியாது. இரண்டும் ஒரே குழாய்க்குப் போட்டியிடும். கிண்ணத்தை மட்டுமே கருவிக்கு மேலே போட முடியும்.

ப. எழுதியது:

மேலே போட்டால் விசில் அடிக்கிறது என்று வகுப்பில் சொல்கிறார்கள். அந்தப் பக்கத்தில் அதையும் சேர்க்க வேண்டும்.

செ. எழுதியது:

ஆம், அடிக்கும். காதிலிருந்து கசியும் ஓசை கிண்ணத்தின் உட்சுவரில் மோதித் திரும்பி மைக்குக்குள் போய்ச் சுற்றுகிறது. காதுக்குப் பின்னால் மாட்டும் கருவியில் இது அதிகம், காதுக்குழாய்க்குள் முழுதாக அடங்கும் கருவியில் குறைவு. வரிசையாக இப்படிச் செய்யச் சொல்லுங்கள். முதலில் ஆழமான கிண்ணம் உள்ள செவிமூடியாகத் தேர்ந்தெடுப்பது. உள்நுரை கருவியின் மைக்கைத் தொட்டால் விசிலோடு சரசரப்பும் வரும். அடுத்து, செவித்துணைக் கருவியின் ஒலியைக் குறைத்துவிட்டு, செவிமூடியின் ஒலியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுவது. அப்படியும் அடித்தால் கருவியைக் கழற்றி உலர்பெட்டியில் வைத்துவிட்டு, செவிமூடியின் பெருக்கத்தை மட்டும் நம்புவது. கருவியைக் கழற்றிவிட்டவர் உள்ளே நுரையடைப்பானும் போடலாம். அப்போது இரண்டின் காப்பெண்ணையும் (எத்தனை டெசிபெல் குறைக்கும் என்று உறையில் போட்டிருக்கும் எண்) கூட்டிச் சொல்லக்கூடாது. பெரிய எண்ணோடு 5 டெசிபெல் சேர்த்தால் போதும்.

செவிமூடி வாங்கும்போது இரு பக்கமும் தனித்தனி மைக் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஒரே மைக்கின் ஓசையை இரு காதுக்கும் பகிர்ந்தால் இடமா வலமா என்றே தெரியாது. இரண்டு மைக் இருந்தாலும் முன்னா பின்னா என்பதில் தடுமாற்றம் மிச்சமிருக்கும், ஏனென்றால் அந்த வேறுபாட்டைச் சொல்லும் காதுமடல் கிண்ணத்துக்குள் மூடிக்கிடக்கிறது. சருகோசை கேட்ட திசையில் கண்ணால் விலங்கைத் தெளிவாகப் பார்க்காமல் துப்பாக்கியைத் தூக்கக்கூடாது என்று தடித்த எழுத்தில் போடுங்கள்.

க. எழுதியது:

விசில் பேச்சு வந்ததால் ஒன்று. செவித்துணைக் கருவிக்குள் விசிலைத் துரத்தும் பகுதிக்குக் கையேட்டில் என்ன சொல் வைத்திருக்கிறீர்கள்? அது பறவைக் கூவலையும் விசில் என்று எண்ணிவிடும். நீண்ட, ஒரே சுருதியுள்ள ஓசை எதுவானாலும் அதை அழிக்கப் பார்க்கும். அழிக்கும்போது கூடவே ஒரு நடுக்கமான போலிக் கூவலை உண்டாக்கும். வேட்டைக்காரர் இல்லாத பறவையைக் கேட்பார். செவித்திறன் வல்லுநரிடம் வெளிப்புறத்துக்கென்று தனி நிரல் ஒன்று கேட்டு, அதில் இந்தப் பகுதியைத் தளர்த்தி வைக்கச் சொல்லலாம். அதே நிரலில், ஒரு திசை ஓசையையே கூர்ந்து எடுக்கும் திசைமுக மைக்கையும் பரந்த நிலைக்கு மாற்றச் சொல்வது நல்லது, ஏனென்றால் திசைமுக நிலையில் காற்றிரைச்சல் கூடும்.

ம. எழுதியது:

‘கீச்சடக்கி’ என்று வைத்திருக்கிறேன். பறவை பற்றிய குறிப்பைச் சேர்க்கிறேன், மிக்க நன்றி.

பு. எழுதியது:

கீச்சு பறவையின் ஒலிக்குறிப்பு. க. சொன்ன குறையையே பெயராக வைத்ததுபோல் ஆகிறது. ‘ஊளையடக்கி’ என்றால்?

ப. எழுதியது:

ஊளை நரிக்கு ஆயிற்றே, ஐயா. அணிகிறவர்கள் விசில் என்கிறார்கள். ‘விசிலடக்கி’ என்று விடுங்கள்.

பு. எழுதியது:

விசிலுக்குச் சீழ்க்கை இருக்கிறது. சீழ்க்கையடக்கி. இதில் நான் இறங்கி வர மாட்டேன்.

ம. எழுதியது:

நாளை வெள்ளி. இதுவரை வந்ததைத் தொகுத்து, கோப்பில் ஏற்றிவிட்டேன்.

மின்சுற்றுக் கிண்ணத்துக்கு: மெல்லொலி தரு செவிமூடி. முதல் முறை வரும்போது முழுப்பெயர், பிறகு செவிமூடி மட்டும். ‘கிண்ணம் எப்போதும் தடுக்கிறது, மின்சுற்று மெல்லிய ஓசையை மட்டும் தருகிறது’ என்ற வரி முழுப்பெயருக்கு அடியிலேயே வருகிறது. துளையுள்ள அடைப்பானுக்கு: மெல்லொலி விடு செவியடைப்பான். விசிலைத் துரத்தும் பகுதிக்கு: சீழ்க்கையடக்கி, சொல்லடைவில் ‘விசிலடக்கி’ என்றும் காட்டியிருக்கிறேன். க., செ., ப. மூவரும் ஒப்புக்கொண்டதாக எடுத்துக்கொள்கிறேன்.

செ. எழுதியது:

சரி. மெத்தை விளிம்பில் காதோர முடியும் கண்ணாடிக் காலும் அகப்படுவதற்கு ஒரு படம் போட முடிந்தால் இன்னும் நல்லது.

பு. எழுதியது:

‘தரு’ வினைத்தொகையாகப் பொருந்துகிறது, ஒற்றும் மிகவில்லை, மகிழ்ச்சி. துளையுள்ள அடைப்பானுக்கு மட்டும் ‘செவித்தூம்பு’ என்பதே சரி என்று என் மாற்றுக்கருத்தைப் பதிவு செய்கிறேன். அங்கே துளைதான் கருவி, துளை உள்ளதுதான் தூம்பு.

செ. எழுதியது:

காதச்சிலும் துளை உண்டு, ஐயா. அதை அணிந்தவர் தன்னிடம் இருப்பதும் தூம்புதான் என்று எண்ணி அதோடு சுட்டுவிடக்கூடாது.

பு. எழுதியது:

அதற்குத் ‘துளையச்சு’ என்று பெயர் வைத்துவிட்டால் குழப்பம் தீரும். அடுத்த பதிப்புக்காவது எடுத்துக்கொள்ளுங்கள், ம.