ஐடிஐ முடித்த தம்பிக்கு அப்ரண்டிஸ் பதிவு நிற்கிறது, வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

தங்கச்சிமடத்தில் இருக்கிறோம். தம்பிக்கு 19 வயசு, டீசல் மெக்கானிக் படித்து 2025-ல் ஐடிஐ முடித்தான். அப்ரண்டிஸுக்காக மத்திய அரசுத் தளத்தில் பதிவு செய்யப் போனால், ஆதாரில் அப்பா பெயர் முழுசாகவும் ஐடிஐ முடித்ததற்கான என்சிவிடி சான்றிதழில் இனிஷியல் மட்டும் இருப்பதால் பாதியிலேயே நிற்கிறது.

இ-சேவை மையத்துக்கு மூன்று தடவை போயாச்சு, ஐடிஐயில் எழுதிக் கொடுத்து இரண்டு மாசம் ஆகிவிட்டது, பதில் இல்லை. மதுரையில் ஒரு லாரி ஒர்க்‌ஷாப்பில் எடுத்துக்கொள்கிறோம் என்றார்கள், ஆனால் பதிவு எண் கேட்கிறார்கள், அது இல்லாமல் சும்மா வேலைக்குச் சேர்ந்தால் கடைசியில் என்ஏசி (அப்ரண்டிஸ் முடித்ததற்கான தேசியச் சான்றிதழ்) கிடைக்காது, வெறும் எடுபிடி வேலைதான். ஆதாரையே மாற்றிவிடலாம் என்றால் பெயரை ஆயுளுக்கு 2 முறைதான் திருத்த முடியும், எழுத்துப் பிழைக்காக ஒன்று ஏற்கெனவே போய்விட்டது. அதற்குள் அப்பா விசைப்படகுக்குக் கூப்பிட ஆரம்பித்துவிட்டார் (போட் எஞ்சினை அவன் கண்ணை மூடிக்கொண்டு பிரிப்பான், அது வேறு!).

இதே சிக்கலைத் தாண்டி அப்ரண்டிஸ் சேர்ந்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்: ஆதாரை மாற்றினீர்களா, சான்றிதழைத் திருத்தினீர்களா?